செவிலியர் கல்வியின் அன்னை

நோய் தீர்ப்பதற்கு வேண்டியவை யாவை என்று வகுத்துரைத்த வள்ளுவப் பெருந்தகை, நோயாளி, மருத்துவர், மருந்து என்னும் மூன்றோடு நிறுத்தினாரில்லை. நோயாளியின் அருகிலிருந்து பணிவிடை செய்பவரையும் நான்காவதாகச் சேர்த்து, நால்வகையும் ஒத்து நின்றால்தான் மருத்துவம் முழுமை பெறும் என்று காட்டினார். மருத்துவருக்குக் கல்வி வேண்டும் என்பதை உலகம் என்றோ ஒப்புக்கொண்டுவிட்டது. அருகிருந்து பணிசெய்பவருக்கும் கல்வி வேண்டும் என்பதை ஒப்புக்கொள்ளச் செய்வதற்கோ, 19-ஆம் நூற்றாண்டில் ஒரு பெண்மணி தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட வேண்டியிருந்தது. அவரே புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார்.

கைவிளக்கேந்திய காரிகை என்று நாம் எல்லோரும் அவரை அறிவோம். போர்க்களத்து மருத்துவமனையில் இரவு நேரத்தில் விளக்கேந்தி நோயாளிகளைப் பார்த்து வந்த காட்சி நம் பாடநூல்களிலும் படங்களிலும் நிலைத்துவிட்டது. ஆனால் அந்தப் போர்ப்பணி இரண்டாண்டுகள்கூட நீடிக்கவில்லை. அதன் பின்னர் ஐம்பதாண்டுகளுக்கு மேல் அவர் வாழ்ந்தார். செவிலியர் பணியைக் கற்றுத் தேற வேண்டிய ஒரு கலையாக உயர்த்தும் முயற்சி, அந்த நீண்ட காலத்தின் தலையாய பணிகளுள் ஒன்றாயிற்று. விளக்கின் ஒளியில் மறைந்துபோன அந்தப் பெரும்பணியைச் சற்றே நோக்குவோம்.

செல்வ இல்லத்தின் செல்லமகள்

1820-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆம் நாள், இத்தாலி நாட்டின் புளோரன்ஸ் நகரில், அங்கே பயணம் சென்றிருந்த ஆங்கிலப் பெற்றோருக்கு அவர் இரண்டாவது மகளாகப் பிறந்தார். பிறந்த நகரின் பெயரே குழந்தைக்கும் பெயராயிற்று. குடும்பத்திற்கு இங்கிலாந்தில் இரண்டு பெரிய மாளிகைகள் இருந்தன. பெண்களுக்கு உயர்கல்வி எட்டாக்கனியாய் இருந்த அக்காலத்தில், தந்தையார் வில்லியம் நைட்டிங்கேல் தம் இரு பெண்களுக்கும் கிரேக்கம், இலத்தீன், பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியம் ஆகிய மொழிகளையும் வரலாறு, தத்துவம் முதலியவற்றையும் தாமே கற்பித்தார். புளோரன்சுக்குக் கணக்கில் தனி விருப்பம். இந்தக் கணக்கறிவு பிற்காலத்தில் ஆயிரக்கணக்கான உயிர்களைக் காக்க உதவியது.

பதினாறு வயதில், 1837 பிப்ரவரி 7-ஆம் நாளன்று, இறைவன் தம்மைப் பணிக்கு அழைப்பதாக அவர் உணர்ந்தார். அப்பணி இன்னது என்பது அப்போது அவருக்குத் தெளிவாகவில்லை. நோயுற்ற ஏழைகளைப் பேணுவதே தம் பணி என்று தெளிந்தபின், 1845-இல் அருகிலிருந்த சால்ஸ்பரி மருத்துவமனையில் சில மாதங்கள் பயிற்சி பெற அனுமதி கேட்டார். வீடே அதிர்ந்தது. தாயார் கண்ணீர் வடித்தார். தந்தையார் முகம் சுளித்தார்.

பெற்றோரின் அச்சம் காரணமற்றதன்று. அக்காலத்தில் வசதி படைத்தோர் வீட்டிலேயே மருத்துவம் பெற்றனர். மருத்துவமனை என்பது போக்கிடம் இல்லாதவர்களின் புகலிடமாக இருந்தது. காற்றோட்டமற்ற கூடங்களில் துர்நாற்றம் வீசியது. அங்கே வேலை செய்த பெண்களிற் பலர் எழுத்தறிவோ பயிற்சியோ அற்றவர்கள். குடிப்பழக்கம் உடையவர்களும் உண்டு. சார்லஸ் டிக்கன்ஸ் தம் நாவல் ஒன்றில் குடிகாரத் தாதி ஒருத்தியைப் படைத்து நாட்டையே சிரிக்க வைத்த காலம் அது. அத்தகைய இடத்திற்குத் தம் மகளை அனுப்ப எந்தப் பெற்றோர்தான் இசைவர்? பெற்றோர் சொன்ன குறை உண்மையானது என்பதைப் புளோரன்சும் அறிந்திருந்தார். ஆகவே அந்தப் பணியைத் தவிர்க்க எண்ணாமல், அந்தப் பணியையே மாற்ற வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்.

வீட்டார் எழுமுன்னரே விடியற்காலையில் எழுந்து, மருத்துவமனை அறிக்கைகளையும் பொதுநல வாழ்வு பற்றிய அரசாங்க ஏடுகளையும் ஊன்றிப் படித்தார், குறிப்புகள் எடுத்தார். பகலில் விருந்தினரை உபசரிக்கும் மகளாக நடந்துகொண்டார். தம்மை மணக்க விரும்பிய நற்பண்புடைய ஒருவரையும் 1849-இல் மறுத்துவிட்டார். பல ஆண்டுகள் இவ்வாறு பொறுமையோடு காத்திருந்தார்.

கற்பதற்கு இடம் தேடி

1851-ஆம் ஆண்டு ஒருவாறு அனுமதி கிடைத்தது. ஜெர்மனியில் கைசர்ஸ்வெர்த் என்னும் ஊரில் ஃபிளீட்னர் என்ற போதகர் நடத்திவந்த நிலையத்தில் மூன்று மாதங்கள் தங்கிப் பயின்றார். அங்கே எளிய உணவு, கடின உழைப்பு. பிற்காலத்தில் அந்நாட்களை நினைவுகூர்ந்தபோது அவர் ஒளிவுமறைவின்றி ஒரு கருத்தைத் தெரிவித்தார். அங்கே கண்ட அர்ப்பணிப்பு வேறெங்கும் காணாதது என்றும், ஆனால் செவிலியர் கலையென்று கற்க அங்கே ஏதுமில்லை, துப்புரவோ மிக மோசம் என்றும் சொன்னார். தூய உள்ளம் ஒன்று, தேர்ந்த பயிற்சி மற்றொன்று. இரண்டும் சேர்ந்தாலன்றி நோயாளிக்கு நன்மை விளையாது என்ற உண்மை அவர் மனத்தில் அன்றே வேரூன்றியது எனலாம்.

1853-இல் பாரிஸ் மாநகரம் சென்று, அங்குள்ள மருத்துவமனைகளையும் பிறரன்புச் சகோதரிகளின் பணியையும் கண்டறிந்தார். அவ்வாண்டே இலண்டனில், நோயுற்ற பெண்களுக்கான ஒரு சிறிய மருத்துவ இல்லத்தின் கண்காணிப்பாளரானார். ஊதியம் ஏதுமில்லை. தந்தையார் ஆண்டுக்கு 500 பவுன் அளித்து மகளின் விருப்பத்திற்குத் துணை நின்றார். முகம் சுளித்த தந்தையே முன்னின்று உதவியது புளோரன்சின் பொறுமைக்குக் கிடைத்த பரிசு.

ஸ்குட்டாரி கற்பித்த பாடம்

1854-இல் கிரிமியப் போர் மூண்டிருந்தது. காயமுற்ற ஆங்கில வீரர்கள் கவனிப்பாரற்று மடிகின்றனர் என்ற செய்தி நாட்டைக் குலுக்கியது. போர்த்துறை அமைச்சர் சிட்னி ஹெர்பர்ட் வேண்டியபடி, அம்மையார் அக்டோபர் 21-ஆம் நாள் 38 பெண்களுடன் புறப்பட்டு, நவம்பர் 4-ஆம் நாள் துருக்கியில் ஸ்குட்டாரி என்ற இடத்திலிருந்த படைவீரர் மருத்துவமனையை அடைந்தார்.

அந்த 38 பேருள் பத்துப் பேர் கத்தோலிக்கக் கன்னியர். அவர்களுள் ஐவர், இலண்டன் பெர்மாண்ட்சியிலிருந்த இரக்கத்தின் சகோதரிகள் மடத்தைச் சேர்ந்தவர்கள்; அவர்களின் தலைவி அன்னை மேரி கிளேர் மூர். நைட்டிங்கேல் அம்மையார் ஆங்கிலத் திருச்சபையைச் சேர்ந்தவர். ஆயினும் நிர்வாகத் திறனில் அன்னை கிளேர் தம்மைவிட எவ்வளவோ மேம்பட்டவர் என்று அவரே மனமுவந்து எழுதினார். சபை வேற்றுமையைக் கடந்த அந்த நட்பு 1874-இல் அன்னை கிளேர் இறக்கும் வரை நீடித்தது. போர் முடிந்து 1856 ஆகஸ்டில் தாயகம் திரும்பிய அம்மையார், வரவேற்பு விழாக்களைத் தவிர்த்து, காலை வேளையில் பெர்மாண்ட்சி மடத்தின் கதவைத் தட்டி, அக்கன்னியரோடு செபத்தில் அமர்ந்த பின்னரே தம் வீடு நோக்கிச் சென்றார்.

ஸ்குட்டாரியில் அவர் கண்டது என்ன? போதிய கட்டில்கள் இல்லை, துணிகள் இல்லை, சோப்பு இல்லை. கட்டடத்தின் அடியில் சாக்கடைகள் அடைத்துக் கிடந்தன. தொடக்கத்தில் மருத்துவர்கள் அவரது உதவியை ஏற்கவும் மறுத்தனர். அழைக்கப்படும் வரை அம்மையார் பொறுத்திருந்தார். அழைப்பு வந்தபின் இரவுபகலாக உழைத்தார். உடன் வந்தவர்களுள் சிலர் பயிற்சியும் ஒழுங்கும் இன்றித் திண்டாடியதையும், சிலரைத் திருப்பி அனுப்ப நேர்ந்ததையும் கண்டு வருந்தினார்.

இவ்வளவு உழைத்தும் 1855 பிப்ரவரியில் அந்த மருத்துவமனையில் சேர்ந்தவர்களில் நூற்றுக்கு 42 பேர் மாண்டனர். மார்ச்சு மாதத்தில் அரசாங்கம் அனுப்பிய சுகாதாரக் குழுவினர் வந்து, சாக்கடைகளைக் கழுவி, சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்து, காற்றுக்கு வழி திறந்தனர். ஜூன் மாதத்திற்குள் இறப்பு நூற்றுக்கு 2 ஆகக் குறைந்தது. நாடு திரும்பியதும் அம்மையார் வில்லியம் ஃபார் என்னும் புள்ளியியல் அறிஞரோடு அமர்ந்து அந்தக் கணக்குகளை ஆராய்ந்தார். காயத்தால் இறந்தவரினும், தடுத்திருக்கக்கூடிய நோயால் இறந்தவரே மிகப் பலர் என்ற உண்மை வெளிப்பட்டது. அதனை வண்ணப் படங்களாக வரைந்து ஆட்சியாளரின் கண்முன் வைத்தார்.

இந்தப் பாடம் அவரைச் சுட்டது. கருணையோடு தலையணையைச் சரிசெய்த கைகளால் மட்டும் அந்த வீரர்களைக் காப்பாற்ற இயலவில்லை. காற்றையும் நீரையும் கழிவையும் பற்றிய அறிவும் அந்தக் கருணைக்குத் துணையாக வேண்டியிருந்தது. அன்பு உள்ளவர்கள் அறிவும் பெற வேண்டும். அதற்கு ஒரு பள்ளி வேண்டும்.

பதினைந்து மாணவியர்

அம்மையாரின் தொண்டுக்கு நன்றியாக மக்கள் 1855-இல் ஒரு நிதி தொடங்கினர். படைவீரர்கள் தங்கள் ஒருநாள் ஊதியத்தை அளித்தனர். 44,000 பவுனுக்கு மேல் சேர்ந்தது. அதில் ஒரு காசும் தமக்கென எடாமல், செவிலியர் பயிற்சிக்கென்றே ஒதுக்கினார். 1860-இல் இலண்டன் புனித தோமா மருத்துவமனையில் நைட்டிங்கேல் பயிற்சிப் பள்ளி பதினைந்து மாணவியருடன் தொடங்கியது.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. செவிலியர் என்போர் வீட்டு வேலைக்காரிகளைப் போன்றவர்களே, அவர்களுக்கு மாவுப்பற்றுப் போடச் சொல்லிக்கொடுப்பதற்கு மேல் பெரிய படிப்பு எதற்கு என்ற கருத்தை அதே மருத்துவமனையின் மூத்த அறுவை மருத்துவர் ஒருவர் 1857-இல் நூலாகவே எழுதியிருந்தார். அம்மையார் அவரோடு வாதிட்டு நேரத்தை வீணாக்கவில்லை. பள்ளியை நடத்திக் காட்டினார்.

25 முதல் 35 வயதுக்கு உட்பட்ட, நற்சான்று பெற்ற பெண்களே சேர்க்கப்பட்டனர். ஓராண்டுப் பயிற்சி. உணவு, உறைவிடம், சீருடை ஆகியவற்றோடு கைச்செலவுக்குப் பத்துப் பவுனும் நிதியிலிருந்து வழங்கப்பட்டன. ஏழைப் பெண்ணும் கற்கலாம் என்ற வழி பிறந்தது. மகளை அனுப்பும் பெற்றோர் அஞ்சாதிருக்க, ஒவ்வொரு மாணவிக்கும் தனியறையோடு கூடிய கட்டுப்பாடான விடுதி அமைந்தது. அன்று தம் தாயார் வடித்த கண்ணீரை அம்மையார் மறக்கவில்லை போலும்!

பாடங்கள் யாவை? புண்களுக்குக் கட்டுப்போடுதல், அட்டை விடுதல், அசைய இயலாதவரைப் புரட்டிப் படுக்கைப்புண் வராமல் காத்தல், நோயாளி படுத்திருக்கும்போதே விரிப்பை மாற்றுதல், அறுவையின்போது உடனிருத்தல், கஞ்சியும் பானமும் காய்ச்சுதல், கூடத்தில் நல்ல காற்று நிலவச் செய்தல் என அவை நீண்டன. எல்லாவற்றிற்கும் மேலாக நோயாளியை உற்றுநோக்குதல் கற்பிக்கப்பட்டது. நாடி, மூச்சு, தோல், பசி, உறக்கம், தெளிவு ஆகியவற்றில் தோன்றும் சிறு மாறுதலையும் கண்டு மருத்துவரிடம் சரியாகச் சொல்ல வேண்டும். மாணவியர் நாட்குறிப்பு எழுதினர். மருத்துவரின் சொற்பொழிவுகளைக் கேட்டனர். தலைமைச் செவிலியான வார்ட்ரோப்பர் அம்மையார், ஒவ்வொருவரின் நேரந்தவறாமை, அமைதி, நம்பகம், தூய்மை, தொழில்திறன் ஆகியவற்றை மாதந்தோறும் ஓர் ஏட்டில் பதிந்தார். இன்று நாம் பெறும் முன்னேற்ற அறிக்கை நினைவுக்கு வருகிறதன்றோ?

தம் குறையைத் தாமே கண்டவர்

போர்முனையில் பெற்ற காய்ச்சலுக்குப்பின் அம்மையாரின் உடல்நலம் குன்றியது. பெரும்பாலும் அறைக்குள்ளேயே படுக்கையில் வாழ நேர்ந்ததால், பள்ளியை நேரில் நடத்த அவரால் இயலவில்லை. கடிதங்கள் வழியே வழிநடத்தினார்.

பள்ளியின் பெருமை நாடெங்கும் பரவியிருந்த வேளையில், 1870-க்குப் பின், உள்ளே சில குறைகள் புகுந்திருந்ததை அவர் அறிந்தார். சொற்பொழிவாற்ற வேண்டிய மருத்துவர் நெடுநாளாக அதைக் கைவிட்டிருந்தார். மாணவியருக்குக் கூடத்து வேலையே மிகுந்து, படிக்க நேரம் இல்லாமற் போயிற்று. ஊர் புகழும்போது குறையை மூடிவைப்பது எளிது. அம்மையாரோ மாணவியரின் நாட்குறிப்புகளை வரவழைத்துப் படித்தார். அவர்களை ஒவ்வொருவராகத் தம் இல்லத்திற்கு அழைத்து, என்ன கற்றார்கள், எது விளங்கவில்லை என்று பொறுமையாகக் கேட்டறிந்தார். 1872-இல் கிராஃப்ட் என்ற மருத்துவர் அமர்த்தப்பட்டு, முறையான சொற்பொழிவுகள் மீண்டும் தொடங்கின. மாணவியரின் படிப்பையும் நலத்தையும் கவனிக்கவென்றே விடுதியில் ஒரு சகோதரி நியமிக்கப்பட்டார். அவ்வாண்டிலிருந்து மாணவியருக்கு அறிவுரைக் கடிதங்களையும் அம்மையார் எழுதலானார். ஆண்டுக்காண்டு முன்னேறாத செவிலி பின்னோக்கிச் செல்கிறாள் என்பதே அவற்றின் சாரம்.

மற்றொரு நிகழ்ச்சி இன்னும் வியப்பானது. அவருடைய நிதியின் துணையால் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் மகப்பேற்றுத் தாதியருக்கு ஒரு பயிற்சி நிலையம் இயங்கிற்று. அங்கே பிரசவக் காய்ச்சலால் தாய்மார் இறப்பது மிகுதி என்று கணக்குகள் காட்டியதும், தாம் ஆசையோடு தொடங்கிய அந்நிலையம் மூடப்படுவதற்கு அவர் தயங்காமல் இசைந்தார். பின்னர் பல இடத்துக் கணக்குகளைத் திரட்டி, 1871-இல் அதுபற்றி ஒரு நூலே வெளியிட்டார். கல்விக்கூடத்தின் பெயரைக் காட்டிலும் ஒரு தாயின் உயிர் பெரிது என்பதை அவர் செயலில் காட்டினார்.

ஒரு விளக்கிலிருந்து பல விளக்குகள்

பள்ளியில் தேறியவர்கள் பிற ஊர்களுக்கும் நாடுகளுக்கும் சென்று பயிற்சியைப் பரப்பினர். ஆக்னஸ் ஜோன்ஸ் என்னும் நங்கை 1865-இல் பன்னிரண்டு செவிலியருடன் லிவர்பூல் ஏழையர் விடுதி மருத்துவமனைக்குச் சென்றார். கைவிடப்பட்ட ஏழைகளுக்கும் பயிற்சி பெற்ற செவிலியர் உண்டு என்ற நிலையை உண்டாக்கினார். மூன்றாண்டுகள் உழைத்து, 1868-இல் டைஃபஸ் காய்ச்சலால் தம் 35-ஆம் வயதில் உயிர்நீத்தார். அவ்வாண்டே லூசி ஆஸ்பர்ன் ஐந்து தோழியருடன் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகருக்குச் சென்றார்.

நம் நாட்டிற்கும் அம்மையாருக்கும் தொடர்பு உண்டு. இந்தியாவிலிருந்த படைவீரர்களின் சுகாதார நிலையை ஆராய்ந்த அரசாங்கக் குழுவின் 1863-ஆம் ஆண்டு அறிக்கை உருவாக, இங்கிருந்து சென்ற கட்டுக்கட்டான குறிப்புகளைப் படித்து அவர் உழைத்தார். இந்தியாவுக்கு அவர் ஒருமுறையும் வந்ததில்லை; எனினும் நம் சிற்றூர்களின் குடிநீரையும் துப்புரவையும் பற்றி முதுமை வரை எழுதிவந்தார். 1871-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிப் பள்ளி தோன்றியது. 1946-இல் வேலூரிலும் டெல்லியிலும் செவிலியர் கல்வி பட்டப்படிப்பாகவே உயர்ந்தது. 1947-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, நாடெங்கும் பயிற்சியின் தரம் ஒன்றாயிருக்க இந்திய செவிலியர் மன்றம் நிறுவப்பட்டது.

சான்றிதழா, பண்பா?

முதுமையில் அம்மையார் ஒரு பெரும் விவாதத்தில் ஈடுபட்டார். பயிற்சி பெற்ற செவிலியரை மருத்துவரைப்போலப் பதிவேட்டில் பதிய வேண்டும் என்று, 1887-இல் சங்கம் கண்ட பெட்ஃபோர்டு ஃபென்விக் அம்மையார் முதலியோர் கோரினர். நைட்டிங்கேல் அம்மையார் அதை எதிர்த்தார். தேர்வு அறிவை அளக்கும், இரக்கத்தையும் பொறுமையையும் அளக்குமா என்பது அவர் கேள்வி. ஒருமுறை பெயர் பதிந்துவிட்டால் செவிலியர் மேலும் கற்க மாட்டார்கள் என்றும் அஞ்சினார். பயிற்சி பெறாதவரிடமிருந்து நோயாளியைக் காப்பது எப்படி என்பது எதிர்த் தரப்பினர் கேள்வி. காலம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அம்மையார் மறைந்து ஒன்பதாண்டுகள் கழித்து, 1919-இல் இங்கிலாந்தில் பதிவுச் சட்டம் நிறைவேறியது. பெரியோரும் எல்லாவற்றையும் முன்கூட்டியே காண்பதில்லை. ஆயினும் அவர் எழுப்பிய கேள்வி பொய்த்துவிடவில்லை. சான்றிதழ் வேண்டும், சான்றிதழுக்குப் பின்னும் கற்றலும், நற்பண்பும் வேண்டும்.

1907-இல் ஆர்டர் ஆஃப் மெரிட் என்னும் உயர்ந்த விருதைப் பெற்ற முதல் பெண்மணியானார். கண்ணொளி மங்கிய நிலையில், 1910 ஆகஸ்டு 13-ஆம் நாள் தம் 90-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அடக்கம் செய்ய அழைப்பு வந்தது. அவர் விருப்பப்படி உறவினர் அதை ஏற்கவில்லை. ஆறு படைவீரர்கள் சுமந்து செல்ல, சிற்றூர்க் கல்லறைத் தோட்டத்தில் குடும்பத்தாரின் அருகே துயில்கொண்டார். கல்லில் பெயரின் முதலெழுத்துகளும் பிறப்பு இறப்புக் குறிப்புமே உள்ளன. அவர் பிறந்த மே 12-ஆம் நாளை உலகம் செவிலியர் நாளாகக் கொண்டாடுகிறது.

வளர்ந்து என்ன ஆக விரும்புகிறாய் என்று கேட்டால் நம்முள் பலர் செவிலியர் ஆவேன் என்கிறோம். நல்ல மனம் இருக்கிறது, அது போதாதா என்றும் எண்ணுகிறோம். போதாது என்பதே இந்த வாழ்க்கை நமக்குச் சொல்லும் செய்தி. இன்று வகுப்பில் கற்கும் கணக்கும் அறிவியலும் மொழியும், நாளை ஒரு நோயாளியின் கட்டிலருகே நமக்குத் துணை வரும். அவ்வழி செல்ல மகள் விரும்பினால், பெற்றோரும் அதனைத் தாழ்வான வேலை என்று எண்ணித் தயங்க வேண்டியதில்லை. அந்தத் தயக்கத்தைப் போக்கவே ஒரு செல்வமகள் தம் வாழ்வைச் செலவிட்டார்.

அன்பு எண்ணெயானால் அறிவு திரி. இரண்டையும் சேர்த்து ஏற்றிய விளக்கே இருளில் ஒளி தரும். அத்தகைய விளக்கேந்தும் கைகளாக நம் கைகளும் வளர்வதாக!